ஆராவமுதன் அட்டவணையில் மே மாதம் இல்லை

ஏப்ரல் 29, திங்கள்

டாக்டர் ஆராவமுதன் பிறந்த நூற்றாண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். தலைப்பைத் துறைத் தலைவர் டாக்டர் குற்றாலிங்கமே கொடுத்துவிட்டார்: "ஆராவமுதன் இன்றும் தேவையா?" பதிலையும் அவரே கொடுத்துவிட்டார். "தேவைன்னு முடிக்கணும், ஆவுடைச்செல்வி. நாலு பக்கம் போதும்."

எங்கள் மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவத் துறையை 1956இல் ஆரம்பித்தவர் டாக்டர் ஆராவமுதன். பிணத்தின் சூட்டை அளந்து, உயிர் போன நேரத்தைச் சொல்லும் அட்டவணை அவருடையது. உயிரோடிருக்கும் உடம்பின் உட்சூடு 99.6 ஃபாரன்ஹீட்; செத்தபின் மணிக்கு ஒன்றரை டிகிரி ஆறும் என்பது கணக்கு. இந்த மாவட்டத்துக் கோர்ட்டுகளில் அறுபது வருடமாக அதுதான் வேதம். இன்னொரு வழக்கமும் அவர் வைத்தது: கொலை என்று தகவல் வந்தால் டியூட்டி டாக்டர் தெர்மாமீட்டரோடு நேரே அந்த இடத்துக்குப் போகவேண்டும். பிணம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் திமிர் உண்டு.

மேல்தொட்டித் தண்ணீர் காலை ஆறு மணிக்கே கையைச் சுடுகிறது. இராத்திரி முழுக்க ஆறவே இல்லை போலிருக்கிறது. கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

மே 2, வியாழன்

முதல் வரி கிடைத்துவிட்டது: "அஸ்திவாரத்தை யாரும் தினமும் தோண்டிப் பார்ப்பதில்லை." எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு வரியும் வரவில்லை.

ஆராவமுதனின் மார்பளவுச் சிலை வந்திறங்கிவிட்டது. பிளாஸ்டர் சிலைக்கு வெண்கல வர்ணம் அடித்திருக்கிறார்கள். பிணவறை வராந்தாவில் பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருக்கிறது. அங்கே முப்பது வருடமாக வேலை பார்க்கும் தளவாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "யம்மா, போத்திப் படுக்கவச்ச மாரி இருக்கு. புதுசா வாறவம் பொணம்னு நெனைச்சு நம்பர் அட்டையக் கட்டிருவாம்" என்றான். சிரித்து மாளவில்லை.

மே 6, திங்கள்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. கருவேலம்பொட்டல் என்ற ஊரில் பம்புசெட் ரூமில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். ஜீப்பில் போய்ச் சேர மணி பன்னிரண்டரை.

தகரக் கூரை போட்ட அறை. வாசலைத் தாண்டியதும் மூச்சு முட்டியது. பெயர் முப்பிடாதி, வயது இருபத்தொன்பது. கழுத்தின் இடப்பக்கம் இரண்டு அரிவாள் வெட்டுகள். இரண்டாவது முதுகெலும்பு வரை போயிருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அரிவாளைப் பிடித்துத் தடுத்திருக்கிறாள். அந்த விரல்களில் இரண்டு மோட்டாருக்கு அடியில் கிடந்தன. ஒன்று கிடைக்கவில்லை. எறும்பு.

உடம்புச் சூடு 98.2. அட்டவணைப்படி செத்து ஒரு மணி நேரம். அதாவது பதினொன்றரை. தாடையும் கழுத்தும் முழங்காலும் நன்றாக விறைத்திருந்தன. போராடிச் செத்தவர்களுக்கு விறைப்பு முந்தும் என்று அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே இருக்கிறது. இன்ஸ்பெக்டர் பால்துரையிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

புருஷன் கொம்பையா வாசலில் தலையில் அடித்துக்கொண்டு உருண்டான். காலை ஆறு மணியிலிருந்து செங்கல் சூளையில் இருந்தானாம். இருபது பேர் சாட்சி.

வரும் வழியில் மோர் வாங்கிக் குடித்தேன். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது.

மே 6, இரவு

பால்துரை போன் செய்தார். பதினொன்றரைக்கு மோட்டாரை நிறுத்த வந்தவன் அய்யாத்துரை என்று ஒரு ஆள். தொட்டியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு போனதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஊரே அவனைத் துரத்திப் பிடித்திருக்கிறது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிட்டாம் மேடம். காலைல உங்களுக்குத்தான் வேலை."

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 7, செவ்வாய்

அய்யாத்துரை, வயது முப்பத்தெட்டு. காயங்கள் அறுபத்து மூன்று. மண்வெட்டிக் காம்பு, கடப்பாரை, மோட்டார் பெல்ட், கல். பெல்ட்டின் வரிகள் முதுகில் அப்படியே பதிந்திருந்தன. இரண்டு முன்கைகளும் முறிந்திருந்தன. தலையைக் காப்பாற்றத் தூக்கிய கைகள் அவை. இடது கண் இல்லை. விலா எலும்பு பதினொன்று உடைந்து, ஒன்று நுரையீரலுக்குள் போயிருந்தது. பற்களைத் தொண்டையிலிருந்து எடுத்தேன். நான்கு.

"மொதல் அடி புருசங்காரந்தானாம்" என்றான் தளவாய். "மம்பட்டிக் காம்பால மூஞ்சியிலயே போட்டானாம். அதுக்குப் பொறகுதான் மத்தவம்லாம் கைவச்சானுவளாம்."

அவனிடம் இரத்தக்கறை படிந்த துணி, கையில் வெட்டுக்காயம், ஆயுதம் என்று எதையாவது எதிர்பார்த்துத்தான் அறுத்தேன் என்று நினைக்கிறேன். நகத்துக்கடியில் சேறு. சட்டைப்பையில் மோட்டார் ரூம் சாவி, ஒரு பாக்கெட் ஜவ்வரிசி வடகம். முப்பிடாதியின் இரத்தம் ஒரு சொட்டு இல்லை. குளித்திருக்கிறானே, போயிருக்கும் என்று எழுதப்போனேன். எழுதவில்லை.

தைக்கும்போது ஊசி கையில் ஏறிவிட்டது. பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

மே 8, புதன்

பிணத்தை வாங்கமாட்டோம் என்று அய்யாத்துரையின் ஆட்கள் நாற்பது பேர் பிணவறைக்குள் புகுந்துவிட்டார்கள். கண்ணாடிகள் போயின. எடை பார்க்கும் தராசு போயிற்று. வராந்தாவில் போர்வையை இழுத்து, உள்ளே இருந்த ஆராவமுதனைத் தூக்கிச் சுவரில் அடித்தார்கள். மூக்கிலிருந்து நெற்றி வரை ஒரு துண்டு தனியாகப் போய் விழுந்தது. சிலையின் பீடத்துக்குள் இருந்த இரும்புக் கம்பியை உருவித் தளவாயை அடித்திருக்கிறார்கள். "நேரம் சொன்ன டாக்டரம்மா எங்கல? சொல்லுல!" என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அவன், "தெரியாதுய்யா, தெரியாதுய்யா" என்றே சொல்லியிருக்கிறான். தோள்பட்டை எலும்பும் இரண்டு விரல்களும் முறிந்துவிட்டன.

நான் அந்நேரம் மாடியில் இருந்தேன்.

மே 9, வியாழன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. மிக்ஸி ரிப்பேர்.

மே 11, சனி

தளவாயைப் பார்க்க எலும்பு வார்டுக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். உரிக்க அவனுக்குக் கையில்லை என்பது அங்கே போனபிறகுதான் உறைத்தது. உரித்துக் கொடுத்தேன்.

"ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கலை, தளவாய்?"

"சொல்லியிருந்தா ஒங்களக் கொன்னுருப்பானுவ. என்னைய அடிச்சு அவனுவளுக்குச் சலிச்சுப் போச்சு" என்றான். பிறகு ஒரு சுளையை மென்றுகொண்டே தொடர்ந்தான். "யம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. வெயில் காலத்துல பொணம் ஆறாதும்மா. தகரத்துக்கு அடியில கெடந்தா காலையில செத்தது மத்தியானம் இன்னுங் கொதிக்கும். பொணத்தப் பெரட்டுத எங்களுக்குத் தெரியும்லா."

"முப்பது வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டிய?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டில் நின்றுதான் யோசித்தேன், யார்மேல் கோபம் என்று.

நேரே துறைக்கு வந்து ஸ்டோர் ரூமைத் திறந்தேன். கட்டுரைக்குத் தகவல் எடுக்கத்தான். ஆராவமுதனின் மூலப் பதிவேடுகள் இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது. அழகான கையெழுத்து. அட்டவணைக்கு அடிப்படை இருநூற்றுப் பன்னிரண்டு பிணங்கள் என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. எல்லாம் நவம்பர், டிசம்பர், ஜனவரி. அச்சிட்ட அட்டவணையில் மாதம் என்று ஒரு கட்டமே கிடையாது. நாங்கள் யாரும் கேட்டதும் கிடையாது.

இன்னும் மூன்று பக்கம் தள்ளி, மே 1958. மூன்று பிணங்கள். முதலாவது, செத்து ஐந்து மணி நேரம், சூடு 98.4. அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் "தெர்மாமீட்டர் கோளாறு". இரண்டாவதுக்கும் அதே கோடு, அதே குறிப்பு. பிறகு "புதிய தெர்மாமீட்டர் வாங்கப்பட்டது". மூன்றாவது, செத்து ஆறு மணி நேரம், சூடு 98.9. சிவப்புக் கோடு. குறிப்பு இல்லை. அதற்குப் பிறகு அவர் எந்த மே மாதத்திலும் அளக்கவில்லை.

புது தெர்மாமீட்டரும் பொய் சொன்னதாம்!

பீரோவின் மேல் ஓங்கிக் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது.

மே 13, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்த பெரியவர் ஒருவர் மருத்துவ வார்டில் காலை 6.10க்கு இறந்தார். நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார்; நேரத்தில் சந்தேகமில்லை. உரிமை கோர யாரும் இல்லை. குளிர்பெட்டிக்குப் போகுமுன் அவரைப் பின்பக்கத்துத் தகர ஷெட்டில் வைத்து, நானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

7 மணி 98.7
8 மணி 98.2
9 மணி 97.9
10 மணி 97.9
11 மணி 98.0
12 மணி 98.3
1 மணி 98.8

ஷெட்டுக்குள் 107. ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு முன்னால் செத்தவர், அட்டவணைப்படி, அரை மணி நேரத்துக்கு முன்னால் வரை உயிரோடு இருந்திருக்கிறார். பதினொரு மணிக்கே தாடையிலிருந்து முழங்கால் வரை விறைத்துவிட்டது. அவர் யாரோடும் போராடவில்லை.

ஒரு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. அவரைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயில்தான் காரணம்.

பெயர் தெரியாத ஐயா, மன்னிக்கவேண்டும். நன்றி.

மே 14, செவ்வாய்

முப்பிடாதி பதினொன்றரைக்குச் சாகவில்லை. காலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் செத்திருக்கிறாள். அந்நேரம் கொம்பையா சூளைக்குப் போகவில்லை.

செய்தித்தாளில் அவன் படம் வந்திருக்கிறது. மனைவியைக் கொன்றவனை ஊர் தண்டித்தது என்று போட்டு, அவன் அழுகிற படம்.

மே 16, வியாழன்

பதிவேட்டையும் என் அளவுகளையும் குற்றாலிங்கம் சாரின் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மே 1958ஐ நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் உதைத்தது.

"இத நான் எண்பத்தஞ்சிலயே பாத்துட்டேன்" என்றார்.

"சார்?"

"அட்டவணைய மறுபதிப்புப் போட்டதே நாந்தானே. அப்ப ஆராவமுதன் சாரே உயிரோட இருந்தாங்க. போய்க் கேட்டேன். 'அது கோளாறுடே'ன்னாங்க. அதுக்குமேல அவங்கள எதுத்துக் கேக்கச் சொல்லுதியா?"

"ஒருத்தனை அடிச்சே கொன்னுட்டாங்க சார். நான் சொன்ன நேரத்தை வச்சு."

"நீ சொன்ன நேரம்! நான் எத்தன நேரம் சொல்லியிருக்கேன், கணக்குத் தெரியுமா ஒனக்கு? முப்பத்தாறு வருஷம்! எத்தன பேரு உள்ள கெடக்கான், எத்தன பேர தூக்குல போட்டாச்சு? இப்பப் போய் அட்டவணை தப்புன்னா, இந்தத் துறையையே இடிச்சுத் தரைமட்டமாக்கிருவானுவ! அவர் இல்லன்னா நீ யாரு, நான் யாரு?"

கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து எறிந்தார். என்மேல் குறிவைத்தாரா, பதிவேட்டின் மேலா என்று தெரியவில்லை. காதோரமாகப் போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. பிறகு பதிவேட்டைப் பிடித்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கப்போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அறுபத்திரண்டு வயது மனிதரும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணும் மேஜைக்குக் குறுக்கே இழுபறி. என் கையைக் கடித்தார். கடித்தே விட்டார், ஒரு பேராசிரியர். நான் விடவில்லை, அவர் மணிக்கட்டை முறுக்கினேன். "யம்மா" என்று அலறி விட்டுவிட்டார்.

பதிவேடு இப்போது என் வீட்டில், அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.

மே 17, வெள்ளி

கூடுதல் கருத்தை மாஜிஸ்திரேட்டுக்கு நேரடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். "6ஆம் தேதி நான் கூறிய நேரம் தவறு" என்று தொடங்குகிறது. அதை எழுத நான்கு நிமிடம் ஆயிற்று. கீழே இருப்பதை எழுதத்தான் பதினோரு நாள்.

அன்றைக்குப் பால்துரையிடம் மட்டும் நான் நேரத்தைச் சொல்லவில்லை. பம்புசெட் ரூமிலிருந்து வெளியே வந்தேன். ஊர் முழுக்க நின்றது. ஒரு பையன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். தெர்மாமீட்டரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பதினொன்றரை. செத்து ஒரு மணி நேரந்தான் ஆகுது. கொன்னவன் ரொம்ப தூரம் போயிருக்கமாட்டான்." கூட்டத்தில் யாரோ, "பதினொண்ணரைக்கு அய்யாத்துரைல்லா வந்துட்டுப் போனாம்" என்றார்கள். கேட்டது. கொம்பையா உருளுவதை நிறுத்தித் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அதையும் பார்த்தேன். நன்றி சொல்கிறான் என்று நினைத்தேன். ஜீப்பில் ஏறி, மோர் குடிக்கப் போனேன்.

எட்டாம் தேதி நான் மாடியில் இல்லை. குளிர்பெட்டி அறைக்குள், கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி விழுகிற ஒவ்வொரு சத்தமும் கேட்டது. இருபது வரை எண்ணினேன். "தெரியாதுய்யா" என்று அவன் சொன்னபோதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது.

மே 20, திங்கள்

கொம்பையாவைப் பிடித்துவிட்டார்கள். சூளைக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் அரிவாள் கிடைத்ததாம். காலை ஐந்து மணிக்கு, அவள் மோட்டார் போடப் போனபோது வெட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான். சுவிட்ச் வெளிச்சுவரில் இருக்கிறது; அணைக்க வந்த அய்யாத்துரை கதவைத் திறக்கவே இல்லை. எதற்கு என்று கேட்டேன். "சந்தேகம் மேடம். கேட்டதுக்கு எதுத்துப் பேசினாளாம்" என்றார் பால்துரை. பிறகு, "அவம் ஒண்ணு சொன்னாம் மேடம். பிடிபடுவோம்னுதாம் இருந்தானாம். டாக்டரம்மா பதினொண்ணரைன்னு சொன்னப்போதாம், சாமியே வந்து நின்ன மாரி இருந்துச்சாம்" என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

மே 22, புதன்

கட்டுரையை அனுப்பிவிட்டேன். நான்கு பக்கம் இல்லை, ஒன்றரைப் பக்கம். "அஸ்திவாரத்தை யாரும் தினமும் தோண்டிப் பார்ப்பதில்லை" என்ற வரி அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்து, சிவப்புக் கோடு போட்ட மூன்று அளவுகளும், கோடில்லாமல். அதற்கு அடுத்து என்னுடைய ஏழு. பிறகு இப்படி முடித்தேன்: "ஆராவமுதனின் அட்டவணையைக் கோர்ட்டிலிருந்து எடுத்துவிடலாம்; அது இன்று தேவையில்லை. அவருடைய பதிவேடு தேவை. எங்கே கண்ணை மூடிக்கொண்டார் என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. அதே இடத்தில் நானும் மூடிக்கொண்டேன்."

மலர் வராது என்று தெரியும். விழாவையும் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. இந்தத் துறையில் நான் வேலை பார்த்த மே மாதங்கள் பதினெட்டு. அவற்றின் அறிக்கை நகல்களைக் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன்.

தளவாய்க்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். இரண்டு விரல்கள் மடங்காது.

மே 24, வெள்ளி

கருவேலம்பொட்டலுக்குப் பஸ்ஸில் போனேன். ஜீப் வேண்டாம் என்று பட்டது. அய்யாத்துரையின் வீட்டைக் கேட்டதும் பெட்டிக்கடைக்காரன் கையை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் அன்றைக்குக் கல் எடுத்தவனாக இருக்கலாம்.

மனைவி செல்லக்கனி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னை விட இளையவள். பதினெட்டு நாளில் மூத்துப்போயிருந்தாள். யார் என்று கேட்டாள்.

"அன்னைக்குப் பதினொன்றரைன்னு நேரம் சொன்ன டாக்டர் நான்தான். நான் சொன்னது தப்பு. உங்க வீட்டுக்காரர் மேல ஒரு குத்தமும் இல்ல. இதை எழுதிக் கொடுத்துட்டேன். உங்ககிட்ட நேர்ல சொல்ல வந்தேன்."

அவள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுப் பிளந்த விறகு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"அவுகள அறுத்ததும் நீங்கதானா?"

"ஆமா."

"எத்தன அடின்னு எண்ணுனியளா?"

"அறுபத்து மூணு."

"எண்ணத் தெரியுது ஒங்களுக்கு" என்றாள். பிறகு கையில் இருந்த விறகால் அடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து பிடிக்கும் வரை அடித்தாள். அடிக்கும்போது அழவில்லை. பிடித்தபிறகுதான் உட்கார்ந்து அழுதாள். அவர்களில் ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், சுட்டது, குடித்தேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்துக் குறித்துக்கொண்டது:

ஒன்று. இடது கன்னத்தில் கன்றிய காயம், 6 x 4 செ.மீ.
இரண்டு. நெற்றியில் தோல் கிழிந்த காயம், 3 செ.மீ., மூன்று தையல்.
மூன்று. இடது தோளில் வரிசையாக நான்கு தடிப்புகள்.
முன்கைகளில் தடுத்த காயங்கள்: இல்லை.
ஆயுதம்: உடைமர விறகு.
நேரம்: காலை பத்து இருபது. இந்த நேரம் சரி.